நேத்து லிஸ்ட்ல இருந்த சிறுகோள் இன்னிக்கு எங்க போச்சு?

நீங்க கேட்டது இதுதான்: மைனர் பிளானட் சென்டரோட (உலகம் முழுக்க எடுக்கற சிறுகோள் அளவுகளைச் சேர்த்து வைக்கற இடம்) கன்ஃபர்மேஷன் லிஸ்ட்ல, அதாவது புதுசா பார்த்து இன்னும் உறுதியாகாததோட பட்டியல்ல, நேத்து ஸ்கோர் 100ன்னு ஒரு ஆப்ஜெக்ட் இருந்துச்சு, இன்னிக்குப் பார்த்தா இல்ல, எதையாவது மறைக்கறாங்களா, 100ன்னா பூமியில மோத 100 சதவீத சான்ஸா, மொட்டை மாடியில சின்ன டெலஸ்கோப் வச்சிருக்கறவங்க இதுல உருப்படியா ஏதாவது பண்ண முடியுமா. யாரும் எதையும் மறைக்கல, 100க்கு அந்த அர்த்தம் கிடையாது, மூணாவது கேள்விக்கு கண்டிப்பா முடியும்னுதான் பதில். ஆனா ஒத்தை வரியில விட்டா புரியாது, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல இந்த லிஸ்ட்டுக்குள்ள ஒரு புள்ளி எப்படி வந்து சேருதுன்னு பாருங்க. அரிசோனா மலை மேல கேட்டலினா ஸ்கை சர்வே, ஹவாயில பான்ஸ்டார்ஸ், அப்புறம் ஹவாய், சிலி, தென்னாப்பிரிக்கான்னு பிரிஞ்சு நிக்கிற அட்லஸ் டெலஸ்கோப்புகள், இவங்கதான் பெரும்பாலான வேலையைப் பண்றவங்க. வானத்துல ஒரே இடத்தை கொஞ்ச கொஞ்ச நேரம் விட்டு வழக்கமா 4 தடவை படம் எடுப்பாங்க. நட்சத்திரம் அப்படியே நிக்கும், நகர்ற புள்ளியை மட்டும் சாஃப்ட்வேர் பிரிச்சு எடுக்கும், சந்தேகமா இருக்கறதை ஆள் உக்காந்து கண்ணால பார்ப்பாங்க. அந்த 4 புள்ளியையும் சேர்த்து ட்ராக்லெட்னு சொல்றது வழக்கம். அது அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜ்ல இருக்கற மைனர் பிளானட் சென்டருக்குப் போகும். ஏற்கனவே தெரிஞ்ச சிறுகோளோட ஒத்துப்போச்சுன்னா அந்தக் கணக்குல சேர்ந்துடும். ஒத்துப்போகலைன்னா, வழக்கமான சிறுகோள் மாதிரியும் நகரலைன்னா, அப்பதான் விஷயம் சூடு பிடிக்குது.

இப்ப ஸ்கோர். அரைமணி நேரம் ஒரு மணி நேரத்துல எடுத்த 4 புள்ளியை வச்சு நமக்கு என்ன தெரியும்? வானத்துல எந்தத் திசையில இருக்கு, எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா நகருது, அவ்வளவுதான், அதாவது 4 எண். ஒரு சுற்றுப்பாதையை முழுசா சொல்ல 6 எண் வேணும். எவ்வளவு தூரத்துல இருக்கு, நம்மளை நோக்கி வருதா விலகிப் போகுதா, இந்த ரெண்டும் தெரியாது. பக்கத்துல போற ஒரு சின்ன கல்லும், செவ்வாய்க்கு அந்தப் பக்கம் போற பெரிய கல்லும் அந்த ஒரு மணி நேரத்துக்கு அச்சு அசலா ஒரே மாதிரி தெரியலாம். அதனால டைஜெஸ்ட்2ன்னு ஒரு புரோகிராம் இந்தத் தூரத்துல இருந்தா என்ன பாதை, அந்தத் தூரத்துல இருந்தா என்ன பாதைன்னு நிறைய பாதைகளைப் போட்டுப் பார்த்து, பூமிக்கு அருகே வர்ற வகைக்கு இது எவ்வளவு பொருந்துதுன்னு 0லேர்ந்து 100க்குள்ள ஒரு மார்க் குடுக்கும். 65ஐ தொட்டா லிஸ்ட்ல ஏத்தலாம். 100 வாங்கினா, இது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்தற சாதாரண சிறுகோள் மாதிரி தெரியல, பூமிப் பக்கம் வர்ற வகை மாதிரி இருக்கு, யாராவது சீக்கிரம் திரும்பிப் பாருங்கன்னு அர்த்தம். மோதறது பத்தி அந்த மார்க் ஒண்ணுமே சொல்லல. பூமிக்கு அருகேன்னு சொல்றதுக்கும் ரொம்ப தாராளமான வரையறை இருக்கு, சூரியனுக்கு 1.3 வானியல் அலகுக்குள்ள (பூமிக்கும் சூரியனுக்கும் இருக்கற தூரம்தான் ஒரு அலகு) ஒரு தடவையாவது வந்தா போதும், அதாவது பூமியோட பாதையிலேர்ந்து நாலரை கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தாக்கூட அந்தப் பட்டியல்ல சேரும். 2025 நவம்பர்ல அந்தப் பட்டியல் 40 ஆயிரத்தைத் தாண்டியாச்சு, தினமும் புதுசு சேருது.

சரி, காணாம போறது. பெரும்பாலும் நல்ல சேதிதான். வேற ரெண்டு மூணு இடத்துலேர்ந்து பார்த்து உறுதி பண்ணிட்டாங்கன்னா அந்தத் தற்காலிகப் பேரை எடுத்துட்டு முறையான பேர் குடுத்துடுவாங்க, லிஸ்ட்ல பழைய பேரைத் தேடினா எப்படி இருக்கும்? உதாரணத்துக்கு 2024 ஒய்ஆர்4ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதுல ஒய்ங்கறது டிசம்பர் ரெண்டாவது பாதி, ஆர்4ங்கறது அந்தப் பதினஞ்சு நாள்ல 117ஆவதா பேர் வாங்கினதுன்னு கணக்கு (ஐ எழுத்தை விட்டுட்டு ஒரு சுத்துக்கு 25 எழுத்து, நாலு சுத்து போயி பதினேழாவது எழுத்து ஆர்). சிலது உறுதியான பிறகு பூமிக்கு அருகே வர்ற வகையே இல்லைன்னு தெரிஞ்சு சாதாரண சிறுகோளா போயிடும். சிலது நாம அனுப்புனதாவே இருக்கும். 2007 நவம்பர்ல 2007 விஎன்84ன்னு பேர் வச்சு பூமிக்கு ரொம்ப நெருங்கி வருதுன்னு அறிவிச்சது கடைசியில ஐரோப்பாவோட ரொசெட்டா விண்கலம். 2025 ஜனவரியிலயும் 2018 சிஎன்41ன்னு பேர் குடுத்த பிறகு, அது 2018ல ராக்கெட்ல ஏத்தி விட்ட டெஸ்லா கார்னு தெரிஞ்சு ஒரே நாள்ல பேரை வாபஸ் வாங்கிட்டாங்க. இதைச் சிரிப்புச் செய்தியா நிறைய பேர் போட்டாங்க, எனக்கு அதுல வருத்தம்தான், ஏன்னா ஆழ் விண்வெளிக்குப் போற ராக்கெட் பாகமெல்லாம் எங்க இருக்குன்னு பொதுவுல கணக்கு வச்சா இந்த மாதிரி அலைச்சல் மிச்சம். ஒவ்வொரு பொய்க் கல்லுக்கும் நாலு டெலஸ்கோப்போட ராத்திரி நேரம் போகுது.

மிச்சம் இருக்கறது ஒரு வகை. யாரும் திரும்பிப் பார்க்க முடியாம கைநழுவிப் போறது. இது நடக்குது, இன்னிக்கும் நடக்குது. கண்டுபிடிக்கறதை விட கண்டுபிடிச்சதைத் தொலைக்காம வச்சிருக்கறதுதான் இந்தத் துறையில கஷ்டமான வேலைன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதனாலதான்.

இதுக்கு ஆகப் பழைய உதாரணங்கள்ல ஒண்ணு நம்ம சென்னையிலயே இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. நுங்கம்பாக்கத்துல இருந்த மெட்ராஸ் அப்சர்வேட்டரியில நார்மன் போக்சன்னு ஒருத்தர் இருந்தார், 1861 ஏப்ரல்ல அவர் அங்கேர்ந்து கண்டுபிடிச்ச சிறுகோளுக்குத்தான் ஆசியான்னே பேர், 67ஆம் நம்பர். 1872 நவம்பர் 27 அன்னிக்கு ஐரோப்பாவுல ஒரு பெரிய எரிகல் மழை. அது உடைஞ்சு காணாம போன பீலா வால்மீனோட பாதையிலேர்ந்து வந்தது. ஜெர்மனியில கோட்டிங்கன்ல இருந்த கிளிங்கர்ஃபூஸ்ங்கற வானியலாளர், அந்த வால்மீனே பூமியை உரசிட்டுப் போயிருக்கணும், அப்படின்னா இப்ப தெற்கு வானத்துல தெரியும்னு கணக்குப் போட்டு போக்சனுக்குத் தந்தி அடிச்சார், சென்டாரஸ் நட்சத்திரக் கூட்டத்துப் பக்கம் தேடுங்கன்னு. போக்சன் தேடினார், டிசம்பர் ஆரம்பத்துல அடுத்தடுத்து ரெண்டு விடிகாலை நிஜமாவே ஒரு வால்மீனைப் பார்த்து இடத்தைக் குறிச்சு வச்சார். அப்புறம் மேகம் மூடிடுச்சு. மேகம் விலகுனப்ப அது இல்ல, வேற யாரும் பார்க்கவும் இல்ல. பீலாவோட பாதைக்கும் அந்த இடம் சரியா பொருந்தல. இன்னிக்கும் அதுக்கு எக்ஸ்/1872 எக்ஸ்1ன்னுதான் பேர், முன்னாடி இருக்கற எக்ஸ்னா பாதை கணக்குப் போட முடியலைன்னு அர்த்தம். ரெண்டு நாள் பார்த்தும் பாதை போட முடியல, அப்ப ஒரு மணி நேரம் மட்டும் பார்த்ததோட கதி என்னன்னு யோசிங்க.

கணக்காவே பார்ப்போம். ஒரு கல் நிமிஷத்துக்கு 10 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600 பங்கா பிரிச்சா ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) நகருதுன்னு வச்சுக்குங்க, நெருங்கி வர்றதுக்கு இது ஒண்ணும் பெரிய வேகம் இல்ல. ஒரு நாள்ல 14,400 ஆர்க்செகண்ட், அதாவது 4 டிகிரி, எட்டு முழு நிலாவை வரிசையா அடுக்குன அகலம். தூரம் சரியா தெரியாததால நாளைக்கு அது எங்க இருக்கும்ங்கறதே ஒரு நீள பட்டையா விரிஞ்சு கிடக்கும். ஒரு சாதாரண டெலஸ்கோப் கேமரா ஒரு தடவைக்கு அரை டிகிரி பார்த்தா பெரிசு. மூணு நாள் விட்டா தேடறதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும், அதுக்குள்ள மங்கியும் போயிருக்கும். அதனால அரிசோனாவுல விடியறதுக்கு முன்னாடி ஹவாய்ல இருக்கறவங்க எடுக்கணும், அங்கே விடிஞ்சா ஜப்பான், ஆஸ்திரேலியா, அப்புறம் ஐரோப்பா. இந்த ரிலேயில எங்கயாவது மேகமோ பௌர்ணமியோ வந்தா சங்கிலி அறுந்துடும். ஜூலை ஆகஸ்ட்ல அரிசோனாவுல மழைக்காலம், கேட்டலினா காரங்க டெலஸ்கோப்பை மூடிடுவாங்க, அந்தச் சமயத்துல வர்ற எண்ணிக்கையே குறைஞ்சிடும். ஒரே நேரத்துல ரெண்டு கண்டத்துலேர்ந்து பார்த்தா இன்னொரு லாபமும் உண்டு, பக்கத்துல இருக்கற கல்லா இருந்தா ரெண்டு இடத்துலேர்ந்தும் கொஞ்சம் வேற வேற இடத்துல தெரியும், அந்த வித்தியாசத்துலேர்ந்து தூரம் உடனே வந்துடும்.

இது சரியா வேலை செஞ்சா என்ன ஆகும்ங்கறதுக்கு 2008 டிசி3யை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2008 அக்டோபர் 6, அரிசோனாவுல கேட்டலினாவோட மவுண்ட் லெமன் டெலஸ்கோப்ல ரிச்சர்ட் கோவால்ஸ்கி வழக்கமான தேடுதல்ல ஒரு புள்ளியைப் பிடிச்சு அனுப்பினார், லிஸ்ட்ல ஏறிச்சு. மைனர் பிளானட் சென்டர்ல டிம் ஸ்பார் பாதையைக் கணக்குப் போட்டப்ப அது நேரா பூமிக்கு வருதுன்னு தெரிஞ்சுது. உடனே நாசாவோட ஜேபிஎல்ல ஸ்டீவ் செஸ்லிக்குச் சொன்னார், அவர் போட்ட கணக்குல வடக்கு சூடான் பாலைவனம்னு இடம் வந்துச்சு. கையில இருந்தது ஒரு நாள் கூட இல்ல, சுமார் 20 மணி நேரம். அதுக்குள்ள உலகம் முழுக்க தொழில்முறை ஆளுங்க, அமெச்சூர் ஆளுங்கன்னு நூத்துக்கணக்குல அளவு எடுத்து அனுப்பினாங்க. சொன்ன நேரம், சொன்ன இடம், மறுநாள் விடிகாலை வானத்துல வெடிச்சுது. 4 மீட்டர் அளவு கல்லுதான், யாருக்கும் ஒண்ணும் ஆகல. அப்புறம் கார்ட்டூம் பல்கலைக்கழகத்து முவாவியா ஷத்தாத் தன்னோட மாணவர்களை வரிசையா நிக்க வச்சு, பீட்டர் ஜென்னிஸ்கென்ஸ் கூட சேர்ந்து பாலைவனத்துல நடந்தே தேடினாங்க. கறுப்பு கறுப்பா துண்டுகள், சுமார் 600 கிடைச்சுது. விண்வெளியில பார்த்த ஒரு சிறுகோளைத் தரையில கையில எடுத்தது சரித்திரத்துலயே அதான் முதல் தடவை.

அதையும் சேர்த்து இப்படி முன்கூட்டியே பிடிச்சு விழுந்தது பத்தைத் தாண்டியாச்சு. ஹங்கேரியில கிரிஸ்டியான் சார்நெட்ஸ்கின்னு ஒருத்தர் பிஸ்கேஷ்டெட்டே மலையில 60 செமீ டெலஸ்கோப்ல மட்டும் மூணு பிடிச்சிருக்கார். 2024 ஜனவரியில அவர் பிடிச்ச 2024 பிஎக்ஸ்1 மூணு மணி நேரம் கூட ஆகல, பெர்லினுக்கு மேற்கே விழுந்துடுச்சு, ஆப்ரைட்னு ரொம்ப அபூர்வமான வகை, தேடிப் போனவங்க துண்டுகளையும் எடுத்துட்டாங்க. இந்த வேகத்துக்கு மனுஷன் மட்டும் போதாது, ஜேபிஎல்ல ஸ்கவுட்னு ஒரு புரோகிராம் லிஸ்ட்ல ஏறுற ஒவ்வொண்ணையும் தானா பரிசோதிச்சுட்டே இருக்கும், மோத வாய்ப்பு தெரிஞ்சா உடனே சேதி அனுப்பிடும். ஐரோப்பாவுல மீர்காட்னு இன்னொண்ணு.

ஆனா இதுக்கு ஒரு எல்லை இருக்கு, அதையும் சொல்லணும். 2013 பிப்ரவரி 15ல ரஷ்யாவுல செல்யாபின்ஸ்க் மேல வெடிச்சது 20 மீட்டர் அளவு, ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு சுமார் 1500 பேருக்குக் காயம். அது எந்த லிஸ்ட்லயும் ஏறவே இல்ல, சூரியன் இருக்கற பக்கத்துலேர்ந்து வந்துச்சு. தரையிலேர்ந்து எந்த டெலஸ்கோப்பாலயும் அந்தப் பக்கம் பார்க்க முடியாது, அதுக்கு விண்வெளியிலதான் கண்ணு வைக்கணும்.

வால்மீன் கதை கொஞ்சம் வேற. லிஸ்ட்ல ஏறுறப்ப வெறும் புள்ளியாத்தான் இருக்கும், திரும்பிப் பார்க்கறவங்கதான் அடடா இது நட்சத்திரம் மாதிரி கூர்மையா இல்லையே, சுத்தி பஞ்சு மாதிரி இருக்கேன்னு சொல்வாங்க. அப்படி சந்தேகம் வந்ததுக்குத் தனி லிஸ்ட் உண்டு. 2019 ஆகஸ்ட் 30ல கிரிமியாவுல கெனாடி போரிசோவ் தானே செஞ்ச 65 செமீ டெலஸ்கோப்ல ஜிபி00234ன்னு ஒண்ணை அனுப்பினார், பெரிய சர்வேக்கள் அதிகம் தொடாத, சூரியனுக்குக் கிட்ட விடிகாலை வானம். நாள் போகப் போக அளவு சேரச் சேர அது சூரியக் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்ல, வேற நட்சத்திரத்துலேர்ந்து வந்ததுன்னு ஆயிடுச்சு, இன்னிக்கு 2ஐ/போரிசோவ்னு பேர். அதுக்கு முன்னாடி 2017ல இதே மாதிரி வெளியிலேர்ந்து வந்த ஒமுவாமுவாவும் பான்ஸ்டார்ஸ்ல இப்படி ஒரு தற்காலிகப் பேரோட வந்ததுதான். 2025 ஜூலை 1ல சிலி அட்லஸ் பிடிச்ச ஏ11பிஎல்3இசட்தான் இப்படி வெளியிலேர்ந்து வந்த மூணாவது, அடுத்த நாளே 3ஐ/அட்லஸ் ஆயிடுச்சு. அவ்வளவு சீக்கிரம் எப்படின்னா, பழைய படங்களை எடுத்துத் தேடினாங்க, ஜூன் 14லேர்ந்தே அது படத்துல பதிவாகியிருந்துச்சு, யாரும் கவனிக்கல. அந்தப் பழைய புள்ளிகளைச் சேர்த்ததும் பாதை தெளிவாயிடுச்சு. உறுதி பண்றதுக்குப் புதுப் படம்தான் வேணும்னு இல்ல, பழைய படமும் சாட்சி சொல்லும்.

இப்ப பயம் பத்தி. 2024 ஒய்ஆர்4 2024 டிசம்பர் 27ல கண்டுபிடிச்சது, சுமார் 60 மீட்டர். 2032 டிசம்பர் 22ல மோத சான்ஸ்னு ஜனவரியில 1 சதவீதம் தாண்டிச்சு, பிப்ரவரி 18ல 3.1 சதவீதம் வரைக்கும் போச்சு, மோதல் ஆபத்தை 0லேர்ந்து 10 வரைக்கும் சொல்ற டோரினோ அளவுல 3, எல்லா டிவியிலயும் அதான். அடுத்த ஒரு வாரத்துக்குள்ள ஒண்ணுமில்லாம ஆயிடுச்சு. மொதல்ல ஏத்திட்டு அப்புறம் இறக்கினாங்க, ஏமாத்தறாங்கன்னு நிறைய பேர் கோவப்பட்டாங்க. கணக்கைப் பாருங்க. 2032ல அந்தக் கல் கடக்கப்போற இடம் 10 லட்சம் கிலோமீட்டர் நீளப் பட்டைக்குள்ள எங்கயோன்னு மட்டும் தெரியுதுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம், அந்தப் பட்டைக்குள்ள 12,742 கிலோமீட்டர் அகலத்துக்கு பூமி இருக்கு, சான்ஸ் 1.3 சதவீதம். புது அளவு வருது, பட்டை 4 லட்சமா சுருங்குது, பூமி இன்னும் உள்ளதான் இருக்கு, இப்ப 3.2 சதவீதம். கல் எங்கயும் மாறல, நம்ம அறியாமைதான் சுருங்கிச்சு. இன்னும் சுருங்குறப்ப பூமி பட்டைக்கு வெளிய போயிடும், உடனே பூஜ்யம். மோதாத கல்லுக்குக்கூட இப்படி ஏறித்தான் இறங்கும், அதனால ஏறுறதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், நல்லா அளவு எடுத்துட்டிருக்காங்கன்னு புரிஞ்சுக்குங்க.

கடைசியா உங்க மூணாவது கேள்வி, எனக்கு ரொம்ப பிடிச்சதும் அதான். 20 செமீ 25 செமீ டெலஸ்கோப், ஒரு நல்ல சிமாஸ் கேமரா, ஓரளவு இருட்டான வானம் இருந்தா லிஸ்ட்ல பிரகாசமா இருக்கறதை எடுக்கலாம். ஒரே படத்துல தெரியாது. வேகமா போறதை நீளமா எக்ஸ்போஷர் குடுத்தா கோடா இழுத்துடும், கோட்டுல நடு எதுன்னு அளக்கறது சிரமம். அதனால அஞ்சு செகண்ட் பத்து செகண்ட்னு நிறைய படம் எடுத்து, அந்தக் கல்லோட வேகத்துக்கு ஏத்த மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு நகர்த்தி அடுக்கணும், அஸ்ட்ரோமெட்ரிக்கா, டைகோ மாதிரி சாஃப்ட்வேர் அதைப் பண்ணும். நட்சத்திரமெல்லாம் கோடா இழுபட்டு நடுவுல ஒரே ஒரு உருண்டைப் புள்ளி நிக்கும், அது வர்றப்ப கிடைக்கற சந்தோஷம் தனி.

டெலஸ்கோப்பை விட கடிகாரத்துல கவனம் வைங்க. நிமிஷத்துக்கு 60 ஆர்க்செகண்ட் போற கல்லுன்னா செகண்டுக்கு 1. உங்க லேப்டாப் நேரம் 2 செகண்ட் தப்பா இருந்தா நீங்க எவ்வளவு சுத்தமா அளந்திருந்தாலும் 2 ஆர்க்செகண்ட் தப்பான இடம், அந்த அளவு பாதைக் கணக்கையே இழுத்துவிடும். ஜிபிஎஸ் ரிசீவர் ஒண்ணு வாங்கி மாட்டிடுங்க, பெரிய விலை இல்ல. கேமரா எந்த நொடியில திறந்துச்சுன்னு சாஃப்ட்வேர் எழுதறதையும் ஒரு தடவை சோதிச்சுக்குங்க, பல பேர் சறுக்கறது அங்கதான்.

எடுத்த உடனே லிஸ்ட்ல இருக்கறதை அனுப்ப முடியாது. உங்க இடத்துக்கு அப்சர்வேட்டரி கோடு, அதாவது அந்த இடத்துக்கான அடையாளக் குறியீடு, வாங்கணும். அதுக்கு ஏற்கனவே நம்பர் குடுத்த, பாதை நல்லா தெரிஞ்ச சிறுகோள்களை ஒண்ணுக்கு மேல ராத்திரி அளந்து அனுப்பணும், ஒரு ஆர்க்செகண்டுக்குள்ள ஒத்துப்போனா குடுப்பாங்க, மொட்டை மாடிக்கும் குடுப்பாங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்க பான்ஸ்டார்ஸ் படத்துல தேடி சிறுகோள் கண்டுபிடிச்சதா பேப்பர்ல வருது பாருங்க, அதுவும் நல்ல ஆரம்பம்தான், ஆனா அது முதல்கட்டப் பதிவு, நம்பர் வாங்கி பேர் வைக்க பல வருஷம் ஆகும், பிள்ளைங்ககிட்ட அதைத் தெளிவா சொல்லிடணும்.

சிலியில 8.4 மீட்டர் ரூபின் டெலஸ்கோப் வந்துடுச்சே, இனிமே சின்ன ஆளுங்களுக்கு என்ன வேலைன்னு கேக்கலாம். 2025 ஜூன்ல காட்டுன முதல் படங்கள்லயே 2104 புது சிறுகோள், அதுல 7 பூமிக்கு அருகே வர்றது. அது பிடிக்கறதுல பெரும்பாலானது நம்ம டெலஸ்கோப்புக்கு எட்டாத மங்கல், வாஸ்தவம். ஆனா ஒரே ராத்திரியில வந்து போற கல்லுக்கு ரூபின் திரும்பி வராது, அதோட வேலை முறை பல ராத்திரி படங்களைக் கோத்துப் பார்க்கறது. பக்கத்துல வந்து பிரகாசமாகி ஒரு ராத்திரியில போயிடற சின்ன கல்லெல்லாம் இனிமேலும் லிஸ்ட்ல ஏறும், அப்ப நம்ம தீர்க்கரேகையில இருட்டா இருந்து ஐரோப்பாவுல இன்னும் பகலா இருந்தா அந்த சில மணி நேரத்துக்கு ஆள் குறைச்சல்தான். வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு ஜனவரி பிப்ரவரியில வானம் தெளிஞ்சதும் பழகிப் பாருங்க, மொதல்ல 15, 16 மேக்னிட்யூடுல (பிரகாச அளவு, எண் கூடக்கூட மங்கல்) மெதுவா போறது, அப்புறம் வேகமா போற ஒண்ணு ரெண்டு, அந்த அப்சர்வேட்டரி கோடு கைக்கு வந்த பிறகு லிஸ்ட்ல பிரகாசமா இருக்கறதுலேர்ந்து ஆரம்பிங்க.